இலைக்குள் குவியும் உலோகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "கடுகுச் செடி மண்ணிலுள்ள நச்சை உறிஞ்சிவிடுமாமே, நட்டால் போதும்தானே?" உறிஞ்சும், உண்மைதான். உறிஞ்சிய நச்சு எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கடுகு, சாவிக் கீரை, காய்லான் கீரை, முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். ஐரோப்பாவின் பழைய சுரங்க நிலங்களில் முளைக்கும் நொக்கேயா என்ற சிறு செடியும் இவற்றுக்கு உறவு. நாம் பயிரிடும் செடிகளின் காய்ந்த இலையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தாலே அதிகம். நொக்கேயாவில் அது 10,000 மில்லிகிராமைத் தாண்டும்! அவ்வளவு ஏறினால் மற்ற செடிகள் மஞ்சளடித்துச் செத்துவிடும்.

இது எப்படித் தாங்குகிறது? பெரும்பாலான செடிகள் வேண்டாத உலோகத்தை வேரிலேயே நிறுத்திவைக்கப் பார்க்கும். இந்தச் செடிகள் மேலே அனுப்பிவிடும். இதே குடும்பத்தின் அராபிடாப்சிஸ் ஹாலெரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். எச்எம்ஏ4 என்ற மரபணு தரும் புரதம், துத்தநாகத்தை வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்க்குள் தள்ளுகிறது. இந்தச் செடியில் அந்த மரபணு மூன்று பிரதிகளாக இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஆய்வில் அதை அடக்கிப் பார்த்தார்கள். துத்தநாகம் மேலே ஏறாமல் வேரிலேயே தேங்கிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வந்ததையெல்லாம் மேலே அனுப்பிவிடுவதால் வேருக்குத் துத்தநாகப் பஞ்சம். அதனால் மண்ணிலிருந்து இன்னும் இன்னும் இழுக்கிறது.

இலைக்கு வந்த உலோகம், செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில், பூட்டிய அறையில் வைத்ததுபோல் அடைபடுகிறது. நொக்கேயாவில் பெரும்பகுதி மேல்தோல் செல்களில்தான் சேரும். உணவு தயாரிக்கும் செல்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. செடிக்கு இதில் லாபமும் உண்டு. நிக்கல் சேர்க்கும் கடுகினச் செடியின் இலையைத் தின்ற முட்டைக்கோஸ் புழுக்கள் செத்துப்போனதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

சரி, நம் சமையலுக்கு வருவோம். நாம் சாப்பிடும் கடுகுக்கீரை நொக்கேயா அளவுக்குச் சேர்க்காது. ஆனாலும் மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அதன் இலைக்கும் வரும். காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதைக் கெடுக்கும். எவ்வளவு கழுவினாலும், இலைக்குள் இருப்பது போகாது.

கோலாலம்பூர் வெள்ளீயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். பழைய சுரங்க நிலத்திலோ, பட்டறை இருந்த இடத்திலோ கீரை போடுவதாக இருந்தால், முதலில் மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிடுங்கள். முடியாவிட்டால் தொட்டியில் நல்ல மண் நிரப்பி நடுங்கள். மண்ணைச் சுத்தப்படுத்தவென்றே கடுகு நட்டால், அதைச் சமைக்காதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள், எருக்குழியிலும் கொட்டாதீர்கள். அங்கேயே மக்கவிட்டால் உறிஞ்சிய உலோகம் அத்தனையும் திரும்ப அதே மண்ணுக்குத்தான் போகும்.