சந்தேகங்களுக்கு விளக்கம்: மினியேச்சர் குதிரைக்குப் போட்டி வண்டியும் ஹார்னெஸும்

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கிறேன். அதுக்குள்ளயே நாலஞ்சு கேள்வி இருக்கு. அப்படியே படிக்கிறேன்: "என்கிட்ட 33 அங்குல உயரத்துல ஒரு மினியேச்சர் குதிரை இருக்கு. நாலு வயசு. வண்டி இழுக்கப் பழக்கி ஆறு மாசம் ஆச்சு. போட்டிக்குப் போக ஆசை. ஒரே வண்டியை வச்சு எல்லாப் பிரிவுலயும் ஓட்ட முடியுமா? முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்? இன்னொண்ணு, ட்ராட் (சீரான மித ஓட்டம்) போகும்போது தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுது. மேடு வந்தா நின்னுடுது. வண்டி கனமா இருக்கிறதாலயா?"

கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன், அதுதான் குதிரை நேரா நம்மகிட்ட சொல்ற விஷயம். கனம்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. வண்டிக்காரங்க முன்பாரம், பின்பாரம்னு சொல்வாங்க இல்லையா, முதல்ல அதைப் பாருங்க. ரெண்டு சக்கர வண்டியில சமநிலைதான் உயிர். முன்பாரம் ஏறினா ஏர்க்கால் ரெண்டும், அதாவது குதிரையோட ரெண்டு பக்கமும் நீளமாப் போற கம்புகள், அதோட முதுகை அமுக்கும். பின்பாரம் ஏறினா ஏர்க்கால் மேல தூக்கி, வயித்துப் பட்டையை இழுத்துப் பிடிக்கும். சின்னக் குதிரைக்கு ரெண்டுமே தண்டனை.

எப்படிச் சோதிக்கிறதுன்னா, குதிரை இல்லாமப் பண்ணுங்க. வண்டியைச் சமதரையில நிறுத்தி, ஓட்டப்போற ஆள் சீட்ல நிமிர்ந்து உட்காரணும். உதவிக்கு ஒருத்தர் ஏர்க்காலை, குதிரை பூட்டினா எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துல சமமாப் பிடிக்கணும். ரெண்டு விரல்ல தாங்கற அளவுக்குத்தான் முன்னாடி பாரம் இருக்கணும். கை முழுக்கத் தேவைப்பட்டா முன்பாரம் ஜாஸ்தி. கையை விட்டு மேல கிளம்பினா பின்பாரம். சீட்டை முன்ன பின்ன நகர்த்தற வசதி இருந்தா அதை வச்சே சரி பண்ணிடலாம். இல்லன்னா அச்சு பொருத்தியிருக்கிற இடத்தை மாத்த வேண்டி வரும். உங்க பையன் ஓட்டும்போது சரியா இருந்த வண்டி நீங்க உட்கார்ந்தா சரியா இருக்காது. அதனால ஆளுக்கு ஆள் தனியாச் சோதிங்க.

இப்ப மேட்டுக்கு வாங்க. நீங்க சீட்ல உட்காரும்போது பாரம் அச்சுக்கு மேலதான் இருக்கு. மேடு ஏறும்போது அந்தப் பாரம் பின்னால சாயும், ஏர்க்கால் தூக்கும். இறங்கும்போது முன்னால சாஞ்சு அமுக்கும். சீட் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இது கூடும். சமதரையிலயே லேசா பின்பாரமா இருக்கிற வண்டின்னா, மேட்டுல உங்க குதிரையை அடிவயித்துல கயிறு போட்டுத் தூக்கற மாதிரிதான். அது நின்னா பிடிவாதம்னு சொல்லாதீங்க, சாட்டையைத் தொடாதீங்க. ஏறும்போது நீங்க கொஞ்சம் முன்னால குனிஞ்சு பாருங்க. அப்ப நடந்துச்சுன்னா விடை கிடைச்சாச்சு.

கனத்தையும் பேசிடறேன், கேட்டதால. 33, 34 அங்குலக் குதிரை சுமாரா 80ல இருந்து 110 கிலோ வரை இருக்கும். சாதாரணமா எல்லாரும் பழக்கத்துக்கு வச்சிருக்கிற ஈஸி என்ட்ரி வண்டி, அதாவது சுலபமா ஏறி இறங்கற வண்டி, இரும்புக் குழாய்ல செஞ்சது, 30 கிலோ பக்கம் வரும். அதோட நீங்க. சக்கரம் நல்லா உருண்டா, தரை கெட்டியா இருந்தா, தேறின குதிரைக்கு இது பெரிய விஷயம் இல்ல. ஆனா ஆழமான மணல்ல அதே வண்டி ரொம்பக் கனமாயிடும். ஆறு மாசம் பழகின குதிரைக்கு நான் வச்சிருக்கிற கணக்கு: வண்டியும் ஆளும் சேர்ந்து குதிரையோட எடையைத் தாண்டக் கூடாது. உடம்பு தேறத் தேற மேல போகலாம்.

அடுத்து, ஒரே வண்டி போதுமா? ரிங்குக்குள்ள, அதாவது போட்டி மைதானத்துக்குள்ள நடக்கிற பிளெஷர், கன்ட்ரி பிளெஷர் மாதிரி, குதிரையோட நடையைப் பார்க்கிற பிரிவுகள், தடை ஓட்டம், இதுக்கெல்லாம் ஒரு நல்ல ரெண்டு சக்கர வண்டியே தொடக்கத்துக்குப் போதும். ரோட்ஸ்டர்ங்கிற வேகப் பிரிவு வேற. அதுக்கு ரேஸ் பைக்னு சொல்ற லேசான வண்டி, காலை ஏர்க்கால் மேல இருக்கிற ஸ்டிரப்ல வச்சுக்கிட்டு, பந்தயக்காரங்க மாதிரி சில்க் ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டு ஓட்டணும். மெதுவான ஜாக், அதைவிட வேகமான ரோட் கெயிட், அப்புறம் முழு வேகம்னு மூணு நடை கேப்பாங்க. நாலு வயசுக் குதிரையை அங்க கொண்டுபோக அவசரப்படாதீங்க, அந்த வண்டியைக் கடைசியா வாங்கிக்கலாம். கம்பைன்ட் டிரைவிங்னா டிரஸ்ஸாஜ் (சொன்ன நடையைத் துல்லியமா ஓட்டிக் காட்டறது), மாரத்தான் (வெளியில தடைகளைத் தாண்டி ஓட்டறது), கோன்ஸ் (கூம்புகளுக்கு நடுவுல ஓட்டறது)னு மூணு கட்டம். மாரத்தான்ல தண்ணி, மேடு, நெருக்கமான திருப்பம் எல்லாம் வரும். மெல்லிய கம்பி ஆரம் போட்ட சைக்கிள் மாதிரிச் சக்கரத்தோட அங்க போகாதீங்க. வேகத் திருப்பத்துல பக்கவாட்டு அழுத்தம் வந்தா அந்தச் சக்கரம் மடங்கிடும். நாலு சக்கர வண்டி, பிரேக்கெல்லாம் வச்சது, பிற்பாடு. ஸ்திரமா இருக்கும், ஆனா கனம் கூடும். முன் அச்சு ரொம்ப மடங்கினா கவிழற ஆபத்தும் அதுல உண்டு.

உயரப் பிரிவைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1978ல தொடங்கின அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன் கணக்குப்படி உச்ச அளவு 34 அங்குலம். அதுவும் பிடரி மயிர் முடியற கடைசி இடத்துல எடுக்கிற அளவு, பெரிய குதிரைக்கு எடுக்கிற மாதிரி தோள்மேட்டுல இல்ல. அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரியில 34 வரைக்கும் ஏ பிரிவு, அதுக்கு மேல 38 வரைக்கும் பி பிரிவு. விக்கிறவங்க "ஏ சைஸ் வண்டி, பி சைஸ் வண்டி"ன்னு சொல்றது இதை வச்சுத்தான். அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஒரே 33 அங்குலத்துல ஒண்ணு பீப்பாய் மாதிரி இருக்கும், இன்னொண்ணு நீளமா, ஒல்லியா இருக்கும்.

நான் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். என் முதல் வண்டியைப் படம் பார்த்து வாங்கினேன். ஏர்க்கால் போனிக் குதிரைக்கான நீளம். தோள்முனையைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஓட்டலாம்னு நினைச்சேன். ஒரு திருப்பத்துல குதிரை தலையைத் திருப்பினப்ப லகான் அந்த முனையில மாட்டிக்கிச்சு. வாயில ஒரு பக்கம் இழுவை விழுந்துக்கிட்டே இருக்கு, அது பாவம் அதே பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. நான் குதிச்சு ஓடிப்போய் தலையைப் பிடிச்சதால பிழைச்சோம். அதுக்கப்புறம் ரெண்டு நாள் அது வண்டிப் பக்கமே வரல. அதனால சொல்றேன்: பூட்டினதும் ஏர்க்கால் முனை தோள்முனையோட நிக்கணும். அதைத் தாண்டவும் கூடாது, ரொம்பக் குறைஞ்சு விலாவைக் குத்தவும் கூடாது. ஏர்க்கால் தரைக்குச் சமமா இருக்கணும். பின்னால, குதிரை முழு எட்டுப் போட்டு ஓடும்போது பின்னங்குளம்பு வண்டியில எங்கேயும் தட்டக் கூடாது. இதை நிக்க வச்சுப் பார்த்தாத் தெரியாது. ஓடவிட்டு, பக்கத்துல இருந்து வீடியோ எடுத்துப் பாருங்க.

குறுக்குக் கட்டைன்னு ஒண்ணு இருக்கு, மார்புப் பட்டையில இருந்து பின்னால வர்ற இழுவார் ரெண்டும் போய் மாட்டற கட்டை. அது நடுவுல அச்சாணி வச்சு ஆடணும். மார்புப் பட்டை போட்டு இழுக்கும்போது தோள் ஒண்ணு மாத்தி ஒண்ணு முன்னால போகுதில்ல, கட்டை ஆடினாத்தான் பட்டை தோளோட சேர்ந்து போகும். கட்டை இறுகி இருந்தா ஒவ்வொரு எட்டுக்கும் பட்டை தோலை உரசும், ரெண்டு வாரத்துல முடி போய்ப் புண்ணாயிடும். விலை குறைஞ்ச சில வண்டிகள்ல இதை அசையாம வெல்ட் பண்ணி வச்சிருக்காங்க. அப்படி இருந்தா, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க.

பழைய வண்டின்னா ஏர்க்கால் அடியில வெல்டிங் விரிசல், சக்கரத்துல ஆட்டம், பேரிங் சத்தம். இது மூணும் பார்த்தாப் போதும், பெயின்ட்டைப் பார்க்காதீங்க.

முதல்ல எதுக்குச் செலவுன்னு கேட்டீங்க. ஹார்னெஸுக்கு, அதாவது குதிரையை வண்டியில பூட்டற பட்டை, வார் எல்லாத்துக்கும். வண்டி சுமாரா இருந்தா சரி பண்ணிக்கலாம், ஆனா ஹார்னெஸ் நாள் முழுக்கக் குதிரையோட தோல் மேல கிடக்கு. மினியேச்சருக்குன்னு விக்கிற நிறைய ஹார்னெஸ், பெரிய குதிரையோடதை அப்படியே சுருக்கினது. மினியேச்சருக்கு நெத்தி அகலம், அதனால நெத்திப் பட்டை இறுக்கும். காது அடியில பாருங்க, அங்கதான் முதல்ல உரசல் தெரியும்.

மார்புப் பட்டை மூச்சுக்குழாய்க்குக் கீழ, தோள்முனைக்கு மேல, அந்தச் சின்ன இடைவெளியில உட்காரணும். ஒரு அங்குலம் மேல ஏறினா மூச்சை அடைக்கும். மேட்டுல நிக்கிற குதிரைக்கு இதையும் பாருங்க. முதுகுச் சேணத்துக்கு உள்ள மரமோ கெட்டியான சட்டமோ இருக்கணும். முதுகுத்தண்டுக்கு மேல வெளிச்சம் தெரியணும். வெறும் பட்டையா இருந்தா ஏர்க்காலோட பாரம் நேரா எலும்புல விழும். இழுவார் நீளத்தைச் சரி பண்ணும்போது ஒண்ணு கவனிங்க: குதிரை இழுக்கும்போது வண்டி வர்றது இழுவாராலதான். அது நீளமா இருந்துட்டா ஏர்க்காலைத் தாங்கற வளையம் இழுக்க ஆரம்பிச்சு, சேணம் பின்னால இழுபடும்.

பின்பட்டை, அதாவது பிரீச்சிங், போடணுமான்னு நிறையப் பேர் கேக்கிறாங்க. சமதரை ரிங்குல சிலர் போடாம ஓட்டறாங்க. ரோட்ஸ்டர்ல ஏர்க்கால் முனையில மாட்டற தோல் உறை வண்டியை நிறுத்திடும். ஆனா பிரேக் இல்லாத ரெண்டு சக்கர வண்டியை வெளியில எங்க ஓட்டினாலும் பின்பட்டை கட்டாயம். இல்லன்னா இறக்கத்துல வண்டி மொத்தமும் சேணத்தையும் வயித்துப் பட்டையையும் முன்னால தள்ளும்.

தலை ஆட்டற விஷயம். முதல்ல பல் டாக்டர். சின்னத் தாடையில பெரிய குதிரைக்கு இருக்கிற அத்தனை பல்லும் இருக்கு, இடம் பத்தாது. அப்புறம் பிட், அதாவது வாய்க்குள்ள போற கடிவாளக் கம்பி. மினியேச்சருக்குப் பெரும்பாலும் மூணரை அங்குலம் சரியா வரும். ஆனா அளந்துதான் வாங்கணும்: ஒரு மெல்லிய குச்சியை வாயில குறுக்க வச்சு, உதட்டு ஓரத்துல குறிச்சுக்குங்க. நாக்கு தடிமன், மேலண்ணம் தாழ்வு, அதனால நடுவுல ஒரே மூட்டு இருக்கிற பிட் சில குதிரைக்கு அண்ணத்துல குத்தும். ரெண்டு மூட்டு வச்சது, இல்ல லேசா வளைஞ்ச நேர்ப் பிட் போட்டுப் பாருங்க. போட்டிக்கு முன்னாடி அந்தப் பிரிவோட விதிப் புத்தகத்துல அது அனுமதிச்ச பிட்டான்னு பார்த்துக்கணும். கண்மறைப்பு இமைமுடியில படுதான்னும் பாருங்க, படற குதிரை தலையை ஆட்டாம என்ன பண்ணும்? அப்புறம் செக் ரெய்ன், குதிரை தலையைத் தாழ்த்த விடாமப் பிடிக்கிற வார். ரிங் பிரிவுகள்ல அதைப் போடறது வழக்கம், சரி. ஆனா மேடு ஏற குதிரைக்குத் தலையைத் தாழ்த்த இடம் வேணும். வெளியில ஓட்டும்போது கழட்டி வச்சிருங்க. உங்க குதிரை தலையை ஆட்டறதும் மேட்டுல நிக்கிறதும் ஒரே காரணமா இருக்கலாம்னு எனக்குத் தோணுறது இதனாலதான்.

தோலா, செயற்கைப் பொருளா? ரிங்குக்குத் தோல்தான் அழகு. பழக்கத்துக்கும் மாரத்தானுக்கும் பயோதேன் நல்லது, கழுவிப் போட்டாப் போதும். எதுவா இருந்தாலும் வருஷத்துல ரெண்டு தடவை பட்டைகளோட பக்கிள் ஓட்டை எல்லாத்தையும் மறுபடி அளந்து மாட்டுங்க. குளிர்கால ரோமத்தோட இருக்கிற குதிரையும் ரோமத்தைக் கிளிப் பண்ணின குதிரையும் ஒரே அளவு இல்ல.

ஹெல்மெட், கையுறை, கையில சாட்டை. சாட்டை அடிக்கிறதுக்கு இல்ல, சவாரியில காலால சொல்றதை இங்க அதால சொல்றோம். ஆபத்துன்னா பட்டையை அறுக்க பாக்கெட்ல ஒரு கத்தி. வண்டியில பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை மட்டும் ஒரு நிமிஷத்துக்குக்கூடக் கழட்டாதீங்க. கண்மறைப்பு போனதும் பின்னால ஒரு பெரிய உருவம் தெரியும், ஓட்டம் பிடிச்சா நிறுத்த உங்க கையில எதுவும் இருக்காது. வண்டியை முழுசா அவிழ்த்து நகர்த்தின பிறகுதான் கடிவாளம்.

கேட்டவங்களுக்கு ஒரு வேலை தர்றேன். செக் ரெய்ன் இல்லாம, சமதரையில ஒரு ட்ராட், சின்ன மேட்டுல ஒரு நடை, ரெண்டையும் சரியாப் பக்கவாட்டுல இருந்து எடுத்து அனுப்புங்க. ஏர்க்கால், மார்புப் பட்டை, குறுக்குக் கட்டை மூணும் தெரியணும். பார்த்துட்டு எதை எத்தனை ஓட்டை மாத்தணும்னு அடுத்த வீடியோவுல சொல்றேன்.