ரஃப் ஸ்கெட்சைக் கிழித்துப் போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிபிஎஸ்இ பள்ளிகளில் பிளஸ் டூவில் ஓவியத்தைப் பாடமாக எடுத்திருக்கும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 70. அந்த 70-ல், தேர்வில் உட்கார்ந்து பொருள்களைப் பார்த்து வரைவதற்கு 25, கற்பனையாக ஓவியம் தீட்டுவதற்கு 25. மீதி 20 போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது வருஷம் முழுக்க வரைந்ததிலிருந்து தேர்ந்தெடுத்து வைப்பதற்கு. பதற்றமில்லாமல் சம்பாதிக்கக்கூடிய மதிப்பெண் இது, ஆனால் பல பேர் இதைத்தான் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள்.

கேட்பது என்னவோ எட்டுப் படம்தான். பார்த்து வரைந்தவை ஐந்து, அதில் குறைந்தது இரண்டு ஸ்டில் லைஃப் (அசையாத பொருள்களை அடுக்கி வைத்து வரைவது), கற்பனை ஓவியம் இரண்டு, நாட்டுப்புறக் கலையை ஒட்டி ஒன்று. நாலு ராத்திரி கண் விழித்தால் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்கெட்ச் போட்டதிலிருந்து படத்தை முடித்தது வரை வருஷம் முழுக்க நடந்த வேலை அதில் தெரிய வேண்டும் என்பதுதான் பாடத்திட்டம் எதிர்பார்ப்பது, அதை நாலு ராத்திரியில் உண்டாக்க முடியாது.

ஒரு பித்தளைச் சொம்பு, பக்கத்தில் ரெண்டு கத்தரிக்காய், கீழே மடிப்பு விழுந்த ஒரு துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வரையும்போது சொம்பின் வாயைக் கிட்டத்தட்ட முழு வட்டமாகப் போட்டுவிடுவோம், ஏனென்றால் அது வட்டம் என்று மனசுக்குத் தெரியும், கண் சொல்வதைக் கை கேட்காது. அடுத்த தடவை வாய் கொஞ்சம் தட்டையாகும், ஆனால் அடிப்பாகம் நேர்கோடாக நின்றுவிடும். அதற்கடுத்த தாளில்தான் ரெண்டும் சரியாகி, சொம்பு துணிமேல் உட்காரும். வெளிச்சம் பளிச்சென்று விழுகிற இடத்தில் வெள்ளைத் தாளை அப்படியே விட வேண்டும் என்பதும் அப்போதுதான் பிடிபடும். இப்படி ஒழுங்காக வந்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதைக் கிழித்துப் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தேதியைப் பென்சிலால் பின்பக்கம் எழுதி, முடித்த படத்துக்குப் பின்னால் அதையும் சேர்த்து வையுங்கள், நீங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெற்றவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தப் படங்கள் பள்ளியிலேயே வரைந்தவை என்று பள்ளி சான்று தர வேண்டும். டியூஷன் மாஸ்டர் கைவைத்து மெருகேற்றிய படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதே பிள்ளை தேர்வில் வரைந்த தாளும் எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து மதிப்பெண் போட வருகிற தேர்வாளர் கையில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கோட்டின் அழுத்தம், ஷேடிங் போகிற திசை எல்லாம் வேறு வேறாக இருப்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். பிள்ளை வரைந்தது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த நாட்டுப்புறக் கலைப் படம். பெரும்பாலும் போனில் தேடி, முதலில் வருகிற வார்லி உருவங்களைக் காப்பி அடித்துவிடுகிறார்கள். வார்லி அருமையான கலை, மகாராஷ்டிரத்துப் பழங்குடி மக்கள் மண்சுவரில் அரிசி மாவுக் கரைசலால் தீட்டுவது, முக்கோணமும் வட்டமும் கோடுமாகவே ஒரு ஊரைக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த முறையை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவை வரையுங்களேன், தண்ணீர் லாரியையும் குடங்களோடு நிற்கிற வரிசையையும் அந்த முக்கோண உருவங்களில் போட்டுப் பாருங்கள். அப்படி வந்தால் அது உங்கள் படம்.

பாதுகாக்கிற விஷயமும் இருக்கிறது. படம் வரைகிற அரை இம்பீரியல் அளவுத் தாள் 15-க்கு 22 அங்குலம், அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் பிறகு நிமிராது, தட்டையான ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும். போஸ்டர் கலரைக் கெட்டியாகப் பூசியிருந்தால் மழைக்காலத்து ஈரத்தில் ஒரு படம் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும், பேஸ்டல் என்கிற வண்ணக்குச்சியால் தீட்டியது அடுத்த தாளில் அப்பிக்கொள்ளும், அதனால் நடுநடுவே பட்டர் பேப்பர் போடுங்கள்.

செய்முறைத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வந்துவிடும். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததுமே கையில் இருப்பதையெல்லாம் வகுப்புத் தரையில் பரப்பி, உங்கள் ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எது பலவீனம் என்று அவர் சொன்னால், அதே சொம்பை இன்னொரு தடவை வரைய அப்போது நாள் இருக்கும். வணக்கம்.