நோகச் செய்யும் வினைகள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே,

'மகிழ்வித்தல்' என்பதற்கு எதிர்ச்சொல் எழுதுக என்று ஒரு வினாத்தாளில் கேட்டால், மாணவர் 'துன்புறுத்தல்' என்று எழுதுவார். நாமும் தயங்காமல் மதிப்பெண் கொடுத்துவிடுவோம். ஆனால், அழைக்க வேண்டிய ஒருவரை அழைக்க மறந்துபோனால், நாம் அவரைத் துன்புறுத்திவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அவருக்கு நம்மேல் மனத்தாங்கல் என்கிறார்கள். ஒருவர் ஆர்வத்தோடு பேசிக்கொண்டிருக்கையில் நாம் கைப்பேசியைப் பார்த்தால் அவர் முகம் சுண்டிவிடுகிறது. கேட்டதையே பத்து முறை கேட்டால் அது நச்சரிப்பு. செய்த உதவியை நாலு பேர் நடுவில் நினைவூட்டினால் அது சொல்லிக்காட்டுதல். இவற்றுள் எதையும் 'துன்புறுத்தல்' என்னும் சொல்லுக்குள் அடக்க முடியாது. மகிழ்வித்தலுக்கு எதிரே தமிழில் ஒரு கூட்டமே நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பதே இன்றைய என் பேச்சு.

பழைய தமிழ் இதற்கு 'இன்னா' என்றொரு சொல்லை வைத்திருந்தது. இனிமையைக் குறிக்கும் 'இன்' என்னும் அடியில் எதிர்மறை ஏறிப் பிறந்த இச்சொல், இனிமை இல்லாதது என்ற அளவில் நின்றுவிடாமல், தீங்கு என்றே பொருள்படும் அளவுக்குக் கனத்துப்போனது. 'இனிய உளவாக இன்னாத கூறல்' என்ற குறள் தொடரில் இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. ஒன்றைச் சொன்னாலே மற்றது காதில் ஒலிக்கும் அமைப்பு அது. இன்று அந்த வசதி நமக்கு இல்லை. 'மகிழ்விக்கவில்லை' என்று சொன்னால், ஒன்றும் செய்யாமல் வாளாவிருந்தோம் என்றுதான் பொருள். மகிழ்வித்தலுக்கும் நோகடித்தலுக்கும் இடையே அகலமான வெற்றிடம் ஒன்று இருக்கிறது. நம்முடைய பெரும்பான்மை நாட்கள் அந்த வெற்றிடத்தில்தான் கழிகின்றன.

உணர்ச்சிகள் மெய்யில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதைப் பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. வெகுளி தோன்றும் நிலைக்களங்களாக அது உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிகளை நலித்தல்), அலை, கொலை என்னும் நான்கைச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைச் சொல்கிறது. வெகுளியின் பட்டியலில் 'அலை' என்று பிறரை வைதும் அடித்தும் அலைத்தலும், அழுகையின் பட்டியலில் 'இளிவு' என்று பிறர் நம்மைத் தாழ்வாக நடத்துவதும் இருப்பதைக் கவனியுங்கள். இன்றைய சொற்களும் ஏறத்தாழ அதே இரண்டு வழிகளில்தான் பிரிகின்றன. சீண்டுதல், சினமூட்டுதல், வெறுப்பேற்றுதல், கடுப்பேற்றுதல் என்பன எதிராளியைக் கொதிக்க வைப்பவை. புண்படுத்துதல், சிறுமைப்படுத்துதல், நோகடித்தல் என்பன அவரை உள்ளே சுருங்க வைப்பவை. ஒரே செயல் ஒருவரைக் கொதிக்கவும் மற்றொருவரைச் சுருங்கவும் வைக்கலாம்; எந்தச் சொல் பொருந்தும் என்பதைச் செய்தவர் தீர்மானிக்க முடியாது, பட்டவரின் முகமே தீர்மானிக்கிறது.

இச்சொற்களில் மிகப் பல உடம்பிலிருந்து வந்தவை. 'கடுப்பு' என்பது நீர்க்கடுப்பிலும் வயிற்றுக்கடுப்பிலும் உள்ள அதே வலி. 'எரிச்சல்' கண்ணிலும் தோலிலும் உண்டாவது. 'உறுத்துதல்' கண்ணில் விழுந்த தூசியின் வேலை. 'குத்திக்காட்டுதல்' என்னும்போது முள் ஒன்று தோலுக்குள் இறங்குகிறது. 'புண்படுத்துதல்' பற்றி விளக்கவே வேண்டியதில்லை. மனத்துக்கு நேர்வதைச் சொல்ல நாம் தோலையும் கண்ணையும் வயிற்றையும் கடன் வாங்கியிருக்கிறோம். (இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: 'கடிந்துகொண்டார்' என்பதில் வரும் கடிதல் வேறு, பல்லால் கடித்தல் வேறு. கடிந்தார், கடித்தார் என்று இறந்தகாலத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனி வினைகள் என்பது விளங்கும். ஒலியை மட்டும் நம்பிச் சொற்பிறப்புச் சொல்வதில் உள்ள இடர் இதுதான்.)

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 'நோகடி' என்ற சொல்லைப் பிரித்தால், 'நோக' என்னும் எச்சத்தோடு 'அடி' என்னும் வினை சேர்ந்திருப்பது தெரியும். இந்த 'அடி'க்குக் கையால் அடிப்பது என்ற பொருள் இங்கே இல்லை. பிறரை ஒரு நிலைக்கு ஆளாக்குதல் என்ற பிறவினைப் பொருளையே அது தருகிறது. சாகடி, மூழ்கடி, திணறடி, தோற்கடி, கதறடி என்று இதன் உறவுகளை அடுக்கிப் பாருங்கள். அத்தனையும் எதிராளி விரும்பாத நிலைகள். 'மகிழடி' என்று ஒரு சொல் இல்லை. 'சிரிக்கடி' என்றும் இல்லை. மகிழ்விக்கிறோம், சிரிக்க வைக்கிறோம். 'அசரடித்தல்' மட்டும் இக்காலத்தில் பாராட்டாக வழங்குகிறது. ஆனால் அதிலும் பார்த்தவர் நிலைகுலைந்துபோனார் என்ற குறிப்பு இருக்கத்தான் செய்கிறது. இவ்வாறு ஒரு துணைவினை தனக்கேற்ற துணைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வது வியப்புக்குரியது.

'காட்டு' என்னும் துணைவினையும் இப்படித்தான். செய்துகாட்டினால் விளக்கம், பாடிக்காட்டினால் விருந்து. சொல்லிக்காட்டினாலோ உறவு முறிகிறது. சொல்லப்படும் செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், அதனால்தான் அது இவ்வளவு வலிக்கிறது.

இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று நான் நெடுநாள் தயங்கிய சொல் 'இடித்துரைத்தல்'. அதைக் கேட்பவர் மகிழ்வதில்லை. பெயரிலேயே இடி இருக்கிறது. ஆயினும் நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்கு அன்று, வரம்பு கடக்கும்போது முற்பட்டு இடித்தற்பொருட்டு என்றுதான் குறள் சொல்கிறது. ஆகவே கேட்பவருக்கு அது இன்னாததாக இருந்தாலும், சொல்பவர் நோகடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் ஆகமாட்டார் என்பது என் முடிவு. உங்களில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள். இடித்துரைப்பதாக எண்ணிக்கொண்டு நாள்தோறும் குத்திக்காட்டும் ஒருவரோடு நீங்கள் வாழ்ந்திருந்தால் அந்த மறுப்பில் நியாயமும் உண்டு.

எஞ்சியிருப்பது மன்னிப்புக் கேட்கும் வேளை. தமிழில் 'படு' என்பது தானே அடைவது, 'படுத்து' என்பது பிறரை அடையச் செய்வது. நோகடித்த ஒருவர் பொதுவிடத்தில் என்ன சொல்கிறார்? 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்கிறார். புண்படுத்தியவர் அந்தத் தொடரில் எங்குமே இல்லை. புண் தானாக உண்டாகியிருக்கிறது, அதுவும் 'இருந்தால்' என்ற ஐயத்தோடு. 'புண்படுத்திவிட்டேன்' என்று சொல்ல ஓர் எழுத்துக்கூட்டம் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. 'வருந்துகிறேன்' என்ற சொல்லையும் சற்று உற்றுப் பாருங்கள். வருந்து தன்வினை, வருத்து பிறவினை. நடுவில் இருக்கும் மெல்லின மெய் வல்லினமாக மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பிறரை வருத்தியவர், தாம் வருந்துவதாகச் சொல்லி முடிக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவரோ அந்த 'ந்' எப்போது 'த்' ஆகும் என்று காத்திருக்கிறார்.

வணக்கம்.