புத்தகம் எழுதினது வாத்தியார், பேரு பாதிரியாருக்கு!

வணக்கம் மக்களே! இங்க கரண்ட் இல்ல, வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

1800-ல லண்டன்ல பசங்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் புத்தகம் ஒண்ணு வந்துச்சு. எழுதினவர்னு சால்ஸ்மான் பேரைப் போட்டிருந்தாங்க. ஆனா அதை எழுதினது அவர் இல்லங்க. அவர் ஸ்கூல்ல வேலை பார்த்த வாத்தியார் குட்ஸ்மூட்ஸ். ஜெர்மன்ல 1793-லயே வந்த புத்தகம் அது. கடல் தாண்டி இங்கிலீஷுக்குப் போனதும் பேரு மாறிடுச்சு. பாவம் மனுஷன்!

சரி, சால்ஸ்மான் யாரு? ஜெர்மனியில எர்ஃபுர்ட்ங்கிற ஊர்ல லுத்தரன் பாதிரியாரா இருந்தவர். 1781-ல டெஸ்ஸாவுங்கிற ஊருக்குப் போறாரு. பாஸெடோவ்னு ஒரு கல்வியாளர் ஆரம்பிச்ச ஸ்கூல் அங்க இருக்கு. படிப்போட சேர்த்து உடம்புக்கும் பயிற்சி கொடுக்கிற இடம். அதைப் பார்த்துட்டு, 1784-ல கோத்தா பக்கத்துல ஷ்னெப்ஃபென்தால்ங்கிற இடத்துல சொந்தமா ஒரு ஸ்கூல் திறக்கிறாரு. மறுவருஷம் கார்ல் ரிட்டர்னு ஒரு சின்னப் பையன் வந்து சேர்றான். பின்னாடி பெரிய புவியியல் அறிஞரா ஆனாரே, அவரேதான். அந்தப் பையனோட டியூஷன் வாத்தியாரா கூட வந்தவர்தான் குட்ஸ்மூட்ஸ். பாதிரியார் அவரையும் அங்கேயே பிடிச்சு வச்சுக்கிட்டு, 1786-ல ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பையே கையில கொடுத்துடுறாரு.

ஓடுறது, தாண்டுறது, ஏறுறது, நீச்சல், எல்லாம் திறந்தவெளியில. ஒரு நீள மரத்தைப் படுக்கையா வச்சு அது மேல நடக்கணும். மரத்தோட மெல்லிசான முனையை எதுலயும் கட்ட மாட்டாங்க. கால் வச்சா ஆடும்!

என்னைக் கேட்டா, பாதிரியார் செஞ்ச பெரிய காரியம் இதுதான்: இடம் கொடுத்தாரு, டைம்டேபிள்ல நேரம் கொடுத்தாரு, அப்புறம் ஒதுங்கிட்டாரு. பல ஹெட்மாஸ்டர்களுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் வராது.

ஃப்ரீட்ரிக் லுட்விக் யான்னு ஒருத்தரைப் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸோட அப்பான்னு சொல்லுவாங்களே. அவரு வேற ஒரு பாதிரியாரோட மகன். ஷ்னெப்ஃபென்தாலுக்கு வந்து பார்த்துட்டுப் போனவர். 1811-ல பெர்லின்ல ஹாஸன்ஹைடெங்கிற இடத்துல ஜிம்னாஸ்டிக்ஸ் மைதானம் திறந்தாரு. அதே வருஷம் சால்ஸ்மான் இறந்துட்டாரு. யான் ஜிம்னாஸ்டிக்ஸ்ல அரசியலைக் கலந்தாரு, அப்போ பெர்லினை ஆண்ட பிரஷ்யா அரசு அதுக்குத் தடையே போட்டுச்சு. அது தனி வீடியோவுக்கான கதை.

அந்த ஸ்கூல் இன்னும் இருக்குங்க. பேரு என்ன தெரியுமா? சால்ஸ்மான் ஸ்கூல். குட்ஸ்மூட்ஸுக்கு அங்கயும் அதே கதைதான்!