மூணு நாள் பார்த்துட்டு வாங்க

நடுவர் ஐயா அவர்களுக்கும், மார்கழிப் பனி விட்டும் தைப் பனி விடாத இந்த ராத்திரியில தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

"நோயாளிக்குப் பெரிதும் துணை நிற்பது தெருமுனை டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர், பாவம், கரகரத்த தொண்டையோட ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். "எம்.ஆர்.ஐ. இருக்கா உங்க தெருமுனையில? ஐ.சி.யூ. இருக்கா? ஒரு ஸ்டெதஸ்கோப்பும் டார்ச் லைட்டும் வெச்சுக்கிட்டு அவர் என்ன கிழிச்சிடுவார்?" நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா பேசினா தட்டணும்ல?

ஐயா, நான் போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல உக்கார்ற ஆள். டோக்கன், வரிசை, "அந்தக் கவுண்டருக்குப் போங்க" இதெல்லாம் என் பொழைப்பு. அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட சொல்றேன். போன ஆடி மாசம் அதே வார்த்தையை எங்கிட்ட நாலு பேர் சொன்னாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கம்மாவுக்கு வயசு 68. ஆறு மாசம் சென்னையில என் தம்பி வீட்ல இருந்துட்டு வந்தாங்க. வந்ததுலருந்து இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, தலையைச் சாய்ச்சா போதும், வறட்டு இருமல் ஆரம்பிச்சிடும். கஷாயம் வெச்சோம். மிளகு, பால், மஞ்சள் எல்லாம் ஆச்சு. அந்த நேரம் பார்த்து எங்க தெரு டாக்டர் மக பிரசவத்துக்கு வெளியூர் போயிட்டார். கிளினிக் கதவுல பூட்டு. சரின்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

முதல்ல நெஞ்சு டாக்டர். எக்ஸ்-ரே எடுத்தார், அப்புறம் சி.டி. ஸ்கேன். சுத்தமா இருக்குன்னார். "எதுக்கும் தொண்டையைக் காட்டிடுங்க, ரெண்டாவது மாடி." ரெண்டாவது மாடியில மூக்கு வழியா குழாய் விட்டுப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல. "வயித்துல இருந்து அமிலம் மேல ஏறி வந்தாலும் இருமல் வரும், மூணாவது மாடி." மூணாவது மாடிக்காரர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்துட்டு, அலர்ஜியா இருக்கலாம்னு நாலாவது இடத்துக்கு அனுப்பினார். மூணு வாரம், கிட்டத்தட்ட 23,000 ரூபாய். இருமல் அப்படியே இருக்கு.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும் ஐயா. அந்த நாலு டாக்டர்ல ஒருத்தர்கூட தப்பாப் பார்க்கலை. அவங்கவங்க மாடியை அவங்கவங்க ஒழுங்காப் பார்த்தாங்க. அம்மா மட்டும் நாலு மாடிக்கும் நடுவுல லிஃப்ட்ல நின்னுட்டாங்க.

நம்ம டாக்டர் திரும்பி வந்தார். நான் ஃபைலை எடுத்து நீட்டினேன், மூணு விரக்கடை தடிமன். அதைத் தொடவே இல்ல. "மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வந்தீங்களா?"ன்னார். அம்மாவோட மஞ்சப்பையை மேசை மேல கவுத்தினேன். பாதி தின்ன அட்டை, பழைய அட்டை, ரப்பர் பேண்ட் போட்ட அட்டை. ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "நான் எழுதின பிரஷர் மாத்திரை இதுல இல்லையே?"ன்னு கேட்டார்.

பதினோரு வருஷமா அவர் எழுதின மாத்திரை. இல்லாததை அவர் கண்டுபிடிச்சார் ஐயா. இருக்கிறதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் போதும்.

சென்னையில ஒரு டாக்டர் மாத்திரையை மாத்தியிருக்கார். நம்ம டாக்டர் அட்டையைத் திருப்பி எங்கிட்ட காட்டினார். "பேர் 'ப்ரில்'னு முடியுது பாருங்க, எனாலாப்ரில். நல்ல மாத்திரைதான். ஆனா இந்த வகை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டு வரும். நிறுத்திட்டு வேற எழுதுறேன், போக ரெண்டு மூணு வாரம் ஆகும்." ஃபீஸ் 150 ரூபாய். பதினெட்டாம் நாள் ராத்திரி எனக்குத் திடுக்குனு முழிப்பு வந்துச்சு. என்னன்னு பார்த்தா, இருமல் சத்தம் இல்ல. பயந்துபோய் எந்திரிச்சு, அம்மா மூச்சு விடுறாங்களான்னு மூக்குல விரல் வெச்சுப் பார்த்தேன்.

எதிரணி சொல்லும், இது எல்லா டாக்டரும் படிச்ச பாடம்தானேன்னு. ஆமாங்க, நாலு மாடியிலயும் படிச்சிருப்பாங்க. மஞ்சப்பையைக் கவுக்கச் சொல்ல யாருக்கும் தோணலை.

ரெண்டாவது, காய்ச்சல். மதுரையில மழை ஓஞ்சு கொசு ஏறினா வீட்டுக்கு ஒரு காய்ச்சல். முதல் நாள் உடம்பு கொதிக்கும், கண்ணு எரியும், வேற அடையாளம் இருக்காது. வைரஸா, டைஃபாய்டா, டெங்குவான்னு முதல் நாள் யாராலயும் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரி என்ன பண்ணும்? இருக்கிற ரத்தப் பரிசோதனை எல்லாத்தையும் அன்னைக்கே எழுதும். நான் அவங்களைக் குத்தம் சொல்லலை. இந்த ஆள் நாளைக்குத் திரும்பி வருவானா, பக்கத்து ஊர்க்காரனா, போன் எடுப்பானான்னு அவங்களுக்குத் தெரியாது. கையில இருக்கிற ஒரே நாளுக்குள்ள எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்.

நம்ம ஆள் என்ன சொல்வார்? "பாராசிட்டமால், கஞ்சி, தண்ணி நிறைய. ஒண்ணுக்கு ஒழுங்காப் போறானான்னு பாருங்க. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னா நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. இல்லைன்னா மூணு நாள் பார்த்துட்டு வாங்க. காய்ச்சல் விட்டாலும் வாங்க." காய்ச்சல் விட்டப்புறம் எதுக்கு டாக்டர்னு என் மகனே கேட்டான். டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்தான நேரம், பிளேட்லெட்ங்கிற தட்டணு குறையறதும் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியறதும் அப்பதான்னு அவனுக்கு உக்கார வெச்சுப் பாடம் நடத்தினார். அந்த மூணு நாள் சும்மா கிடந்த நாள் இல்லைங்க. அதுவே ஒரு பரிசோதனை. அதை எந்த லேப்லயும் எடுக்க முடியாது. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கிட்டதான் எடுக்க முடியும். மூணாம் நாள் நீங்க போகலைன்னா, பால் வாங்கப் போற இடத்துல பிடிச்சு, "பையன் எப்படி இருக்கான், ஏன் கூட்டிட்டு வரலை?"ன்னு கேப்பார்.

எதிரணி அக்கா ஒரு புள்ளிவிவரம் வீசினாங்க. 2017-ல 67 நாட்டை ஒப்பிட்டு வந்த ஆய்வு. முதல்நிலை டாக்டர் ஒரு நோயாளியோட செலவழிக்கிற நேரம் சுவீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, வங்கதேசத்துல 48 வினாடி, இந்தியாவுல சுமார் 2 நிமிஷம். "ரெண்டு நிமிஷத்துல என்ன தெரியும்?"னாங்க. கணக்கு சரிதான், மறுக்கலை. ரெண்டு நிமிஷம் பத்தாதுதான். ஆனா அதே மாதிரி கணக்கு நானும் ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கேன் அக்கா. நார்வேயில 45 லட்சம் பேரோட பதிவுகளை வெச்சு 2021-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அங்கே ஒவ்வொருத்தருக்கும் பேர் பதிஞ்ச குடும்ப டாக்டர் உண்டு. ஒரே டாக்டர்கிட்ட 15 வருஷத்துக்கு மேல இருக்கிறவங்களையும், டாக்டர் மாறி ஒரே வருஷம் ஆனவங்களையும் ஒப்பிட்டாங்க. நீண்ட நாள் இருந்தவங்க ஆஸ்பத்திரியில அவசரமாச் சேர்றது 28 சதவீதம் கம்மி. சாவு 25 சதவீதம் கம்மி. எல்லாம் டாக்டராலதான்னு நான் அடிச்சுச் சொல்லலை, ஆய்வு அப்படிச் சொல்ற ரகமும் இல்ல. ஆனா எங்கம்மாவோட ரெண்டு நிமிஷத்துக்குப் பின்னாடி பதினோரு வருஷம் இருந்துச்சு. அதை ஸ்டாப்வாட்ச்ல பிடிக்க முடியாது.

இப்ப ஐ.சி.யூ. கேள்விக்கு வர்றேன்.

எங்க மாமா, அதாவது என் வீட்டுக்காரரோட அப்பா, வாழ்க்கையில ஒரு வரிசையில முந்தினதில்ல. ரேஷன் கடையானாலும் கோயிலானாலும் கடைசி ஆளா நிப்பார். ஒரு நாள் சாயங்காலம், "வாயு பிடிச்சிருக்கு, ஒரு மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்"னு சட்டையை மாட்டிக்கிட்டு நடந்தே கிளினிக் போனார். டோக்கன் 22. உள்ளே ஓடிக்கிட்டிருந்தது 9. மாமா கம்பவுண்டர்கிட்ட மெதுவா, "கொஞ்சம் முன்னாடி விட முடியுமாப்பா"ன்னு கேட்டிருக்கார். அது திரைக்குப் பின்னாடி இருந்த டாக்டர் காதுல விழுந்துச்சு. பார்த்துக்கிட்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சு வெளியே வந்துட்டார். "நீங்களா முன்னாடி விடச் சொன்னீங்க?"

அந்த ஒரு கேள்விதாங்க. பெஞ்சுலயே படுக்க வெச்சு ஈ.சி.ஜி. எடுத்தார், ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொன்னார், 108-க்குப் போன் போட்டார், ஈ.சி.ஜி. தாளோட பின்பக்கமே ரெண்டு வரி எழுதி ஆம்புலன்ஸ்காரர் கையில கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில அன்னைக்கு ராத்திரியே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாங்க. அவங்களை நான் கையெடுத்துக் கும்பிடறேன். அதை இந்த மேடையில சொல்றதுல எனக்கு வெக்கமே இல்ல. ஆனா ஐயா, மாமா அங்கே போற ஆளே இல்ல. வாயுன்னு நினைச்சவர் ஐ.சி.யூ. வாசல்ல போய் நிப்பாரா? சோடா குடிச்சுட்டுப் படுத்திருப்பார்.

எங்க பக்கம் ஓட்டை இல்லையான்னா, இருக்கு. ஊசி. எதுக்கெடுத்தாலும் ஒரு ஊசி போடற டாக்டர் தெருவுக்கு ஒருத்தர் இருக்கார். ஜலதோஷத்துக்கு ஆன்ட்டிபயாட்டிக் பொட்டலம் கட்டுறவரும் இருக்கார். ஆனா கேக்குறது யாரு? ஊசி போடாம அனுப்பினா, "கையே வெக்கலை, 150 வாங்கிட்டார்"னு பஸ் ஸ்டாப்ல நின்னு பேசுறது நாமதானே. படிக்காமலே போர்டு மாட்டினவங்களைப் பத்தி எதிரணித் தம்பி சொன்னார். அவங்களைப் பிடிச்சு உள்ளே போடுங்க, அவங்க எங்க அணியில இல்ல. அப்புறம் அந்தத் திரைச்சீலை. எங்க டாக்டர் ரூம்ல கதவு கிடையாது, முழங்கால் வரைக்கும் ஒரு பச்சைத் துணி. உள்ளே பேசுறது வெளியே பெஞ்சு முழுக்கக் கேக்கும். என் மூல நோயைப் பத்தி எங்க தெருவுல தெரியாத ஆள் கிடையாது. இது பெரிய குறைதான், சிரிக்காதீங்க, அதனாலயே டாக்டர்கிட்ட வாயைத் திறக்காத பொண்ணுங்களை எனக்குத் தெரியும்.

வடசென்னையில ரெண்டு பேர் இருந்தாங்க. பழைய வண்ணாரப்பேட்டையில டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில டாக்டர் திருவேங்கடம். ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவங்க. 2018-ல ஒருத்தர், 2020-ல இன்னொருத்தர் போயிட்டாங்க. எல்லாரும் அப்படி அஞ்சு ரூபாய்க்குப் பார்க்கணும்னு நான் கேக்கலை, வாடகை கட்டணும்ல. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பிச்சது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசல்ல மாத்திரை. இவ்வளவு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியைக் கையில வெச்சிருக்கிற அரசாங்கமே வாசப்படி ஏறி வருதுன்னா அது எந்த அணின்னு நடுவர் குறிச்சுக்கணும்.

எங்க டாக்டருக்கு இப்ப வயசு 71. மகளும் டாக்டர்தான், வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை. "வெறும் எம்.பி.பி.எஸ்.ஸா?"ன்னு நாம கேட்டுக் கேட்டு, படிச்ச பிள்ளைங்க எல்லாம் ஒரு உறுப்பைப் பிடிச்சுக்கிட்டு மேல போயிட்டாங்க. போன வாரம் மேசையைத் துடைச்சுக்கிட்டே, "இந்த பெஞ்சை யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியலைம்மா"ன்னார். எனக்குப் பதில் தெரியலை.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே ஒரு நிமிஷம். எதிரணித் தலைவர்கிட்ட மேடை ஏறும்போதே அனுமதி வாங்கிட்டேன், சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். நேத்து சாயங்காலம் அம்மாவுக்கு பிரஷர் பார்க்கப் போனேன். எங்களுக்கு டோக்கன் 18. 17 யாருன்னு பார்த்தா, தலையில மஃப்ளரைச் சுத்திக்கிட்டு இவர்! எம்.ஆர்.ஐ. இருக்கிற இடத்துக்குப் போகலை, பச்சைத் துணிக்குள்ள போனார். துணிதானே, எல்லாம் கேட்டுச்சு. "தொண்டைதான் புண்ணாயிருக்கு, மாத்திரை வேணாம். வெந்நீர் குடிங்க, மூணு நாள் பேசாம இருந்து பார்த்துட்டு வாங்க"ன்னார் டாக்டர்.

இன்னைக்கு ரெண்டாம் நாள். இவர் இருபது நிமிஷம் பேசியிருக்கார். நாளைக்குத் தொண்டை சரியாகலைன்னா அதை எங்க அணி கணக்குல எழுதிடாதீங்க ஐயா. வணக்கம்.