வந்த தண்ணீர் போகவும் வேண்டும்
(சிங்கப்பூரில் ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

திருவாரூர் மாவட்டம் என்றதும் ஆழித்தேர், கமலாலயம், சங்கீத மும்மூர்த்திகள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். மூவரும் அங்கே பிறந்தவர்கள்தான். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் வயல் பக்கம் போகிறேன்.

பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12 லட்சத்து 64 ஆயிரம் சொச்சம். ஐந்தில் நான்கு பேர் கிராமவாசிகள். ஆயிரம் ஆண்களுக்கு 1017 பெண்கள். ஆண்கள் எங்கே போனார்கள் என்று இந்த அரங்கில் கேட்க வேண்டியதில்லை. கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பேர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் காலண்டரை எழுதுவது மேட்டூர் அணை. ஜூன் 12இல் திறந்தால் குறுவை என்னும் குறுகிய கால நெல் சாகுபடி உண்டு. இல்லாவிட்டால் நேராக, நீண்ட நாள் பயிரான சம்பாதான். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020இல்தான் மறுபடி திறந்தார்கள். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அங்கிருந்து கிளை, வாய்க்கால், மதகு என்று இறங்கி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் போவதற்குள் தண்ணீர் மெலிந்துவிடும். அதுதான் கடைமடை. வலங்கைமான் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு கைகொடுக்கும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஆற்றை விட்டால் வழியில்லை.

தண்ணீர் வரவில்லை என்ற செய்தி இங்கேயும் நமக்கு வந்துவிடுகிறது. வந்த தண்ணீர் போகவில்லை என்பதுதான் காதில் விழுவதில்லை. என்னைக் கேட்டால், இன்றைக்கு டெல்டாவின் பெரிய வியாதி அதுதான்.

நவம்பர், டிசம்பரில் இங்கே கொட்டும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும். சம்பா நாற்று நட்டு வேர் பிடித்த நேரம். மூன்று நாள் அடைமழை பெய்தால் வரப்பு தெரியாது. நிலமோ தட்டை, கடல் பக்கம் சரிவே இல்லை. பாசனத்துக்கு வந்த ஆறே வடிகாலாகவும் வேலை பார்க்க வேண்டும். அதில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். கீழே கடல் ஏறி நின்றால் ஆறு இறங்காது. நம் மரினா அணைக்கட்டை நினைத்துப் பாருங்கள்: கடல் வற்றிய நேரம் கதவைத் திறக்கிறார்கள், ஏறிய நேரம் பம்பு வைத்து வெளியே தள்ளுகிறார்கள். அங்கே பம்பு கிடையாது. பயிரின் நுனி மூழ்கி ஒரு வாரம் கிடந்தால் அழுகல்தான். அப்புறம் மறு நடவுக்கு நாற்றுக்கு எங்கே போவது? அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால் ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் பெரிய ஆற்றைச் சரிசெய்தால் போதுமா? வயலிலிருந்து அந்த ஆறு வரை தண்ணீர் போகும் வடிவாய்க்கால் யார் கணக்கில் வருகிறது?

தப்பிப் பிழைத்த நெல்லுக்கு அடுத்த சோதனை நேரடிக் கொள்முதல் நிலையத்தில். சாலையோரம் அம்பாரமாகக் கொட்டி, தார்ப்பாயால் மூடி, ஆள் காவல் இருப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். கருவி 19 காட்டினால் மறுபடி காயப்போட வேண்டும். அன்றைக்கென்று வானம் மூடிக்கொள்ளும். இரண்டு நாள் நனைந்தால் அம்பாரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். 2023இல் பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 சதவீதம் வரை எடுக்க மத்திய அரசு தளர்வு தந்தது. ஆனால் தளர்வு வரும்வரை நெல் காத்திருக்குமா? 40 கிலோ சிப்பமாகக் கட்டிய பிறகும் லாரி வராமல் அடுக்கிலேயே கிடப்பது தனிக் கதை.

நடுவில் ஒரு சங்கதி. இங்கே தேக்கா சந்தையில் வாங்குகிறோமே பொன்னி அரிசி, அதில் பாதி இந்தப் பக்கத்துச் சொத்து. ‘மாயாங் எபோஸ்’ என்ற மலாயா நெல்லைத் தைவான் ரகத்தோடு கலந்து உருவான மசூரி, 1960களில் மலேசியாவில் வெளியிடப்பட்டு அப்புறம் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி ஆனது. நாம் இங்கே வந்து வெகு காலம் கழித்து அது எதிர்த்திசையில் போயிருக்கிறது.

பாரம்பரிய ரகங்கள் என்றால் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவைச் சொல்ல வேண்டும். 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டார். கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்த 2018இன் கடைசியில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

உங்களில் சிலர் அங்கே நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள். போனில் “இந்த வருஷம் எத்தனை மூட்டை?” என்று கேட்பதோடு, வடிவாய்க்கால் தூர் வாரினார்களா என்றும் கேளுங்கள். இங்கிருந்து அனுப்பிய காசில் கட்டிய வீட்டு மதில் அதே வாய்க்காலின் மேல் நிற்கிறதா என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.