மழைக்காட்டிலிருந்து வந்த கள்ளி

வணக்கம் நேயர்களே. கள்ளிச்செடி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வாரம் ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் அடி அழுகிவிடுகிறதே?"

தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் சிங்கப்பூர் இரவுக்கும் இதில் பங்கு உண்டு.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். பாலைவனத்தில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் வெயிலில் போய்விடும். அதனால் கள்ளி பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கித் தண்டில் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் அதை எடுத்து உணவு சமைக்கிறது. தண்டின் சாறு காலையில் புளிப்பாகவும் மாலையில் புளிப்புக் குறைந்தும் இருப்பது இதனால்தான். இதற்கெல்லாம் குளிர்ந்த இரவு வேண்டும். இங்கேயோ நள்ளிரவிலும் 25 டிகிரி, காற்றெல்லாம் ஈரம். செடியின் வேலை மந்தமாகிறது, தண்ணீர் உறிஞ்சுவதும் குறைகிறது. மண் காயாமல் கிடக்கிறது. வேர் அழுகுகிறது.

அமெரிக்காவின் டூசான் நகரப் பக்கம் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். டூசான் பக்கம் வளரும் சகுவாரோ கள்ளியின் வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவி, பெய்கிற கொஞ்ச மழையையும் உடனே குடித்துவிடும். தண்டின் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து அவ்வளவு நீருக்கும் இடம் கொடுக்கும். இலைகள்தான் முள்ளாக மாறியிருக்கின்றன. இப்படி ஒரு செடியை நவம்பர், டிசம்பர் மழையில் நம் தாழ்வாரத்தில் வைத்தால் அது என்னதான் செய்யும், பாவம்!

சரி, அப்படியானால் கள்ளியே வேண்டாமா? அப்படியில்லை. கள்ளிகளில் காட்டுவாசிகளும் உண்டு. தேக்கா சந்தையில் நாம் வாங்கும் டிராகன் பழம் கள்ளிப்பழம்தான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கொடி அது; காற்றில் வேர்விட்டு மரத்தைப் பற்றி ஏறும். நம்மவர்கள் பிரம்மகமலம் என்று வளர்ப்பதும், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பூவைக் காயவைத்து சூப்பில் போடுவதும் ஒரே செடி, அதுவும் கள்ளிதான். இலை மாதிரித் தெரிவது தட்டையான தண்டு. அதன் விளிம்பிலுள்ள பள்ளத்தைக் கவனித்துப் பாருங்கள், மொட்டு அங்கிருந்துதான் கிளம்பும். இரவில் மலர்ந்து, விடிவதற்குள் தொங்கிவிடும்.

கடைகளில் சின்னத் தொட்டியில் சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த கள்ளி விற்பார்கள். அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. தனியாக வைத்தால் செத்துப்போகும். கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் துண்டு! வறண்ட நிலத்துக் கள்ளியைக் காட்டுக்கள்ளி தோளில் தூக்கிவைத்திருக்கிறது.

பாலைவன வகைதான் வேண்டும் என்றால் மண்தொட்டி, பாதிக்குமேல் பருமணலும் பியூமிஸ் என்ற லேசான எரிமலைக் கல்லும், மழை படாத வெயில் இடம். வெளிச்சம் போதாவிட்டால் உச்சி மட்டும் வெளுத்து, ஒல்லியாக நீளும். தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள், அதில் தேங்கும் நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிராகன் கொடி கனமானது, உறுதியான கம்பம் கேட்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுவிட்டு அப்புறம் கம்பத்தை நடுங்கள்.